காலை வானொலியும் நம் தெருக் குறைகளும்

(பெங்களூர் கிளையின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற சில கூட்டங்களில் ஆன்மீக விஷயங்களைக் கேட்டோம். இந்த முறை கொஞ்சம் லௌகீகமாகப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகையால் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, காபி ஆகி டிபன் தயாராகும் வேளையில், வானொலியில் நடக்கும் உள்ளூர்ப் பேச்சை எடுத்துக்கொண்டேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் இதற்கு பிரேக்ஃபாஸ்ட் ஷோ என்று பெயர். நம் எஃப்.எம். நிலையங்கள் மார்னிங் ஷோ என்கின்றன. அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மணி என்ன, மழை வருமா, எந்த ரோட்டில் நெரிசல், எந்தப் பேட்டையில் இன்று கரண்ட் இல்லை என்பதெல்லாம் வரும். நடுவே ஒரு டாக்டரோ, இன்ஜினீயரோ, அதிகாரியோ விருந்தினராக வருவார். நேயர்கள் டெலிபோனில் கேள்வி கேட்பார்கள். தோசை வார்த்துக்கொண்டே, பேப்பர் பார்த்துக்கொண்டே கேட்கலாம். டெலிவிஷன் விவாதத்தில் நம் தெருச் சாக்கடைக்கு இடம் கிடையாது. இதில் உண்டு.

நம் தேசத்தில் வானொலி வெகு நாட்கள் மேலிருந்து கீழே பேசும் சாதனமாகவே இருந்தது. உள்ளூருக்கென்றே ஒரு நிலையம் என்ற எண்ணம் ஆல் இந்தியா ரேடியோவுக்கு 1984-ல்தான் நிறைவேறியது. அந்த முதல் உள்ளூர் நிலையம் நாகர்கோவிலில் அமைந்தது. 1995-ல் சுப்ரீம் கோர்ட், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2001 ஜூலையில் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் நம் பெங்களூரிலேயே தொடங்கியது. அது ரேடியோ சிட்டி என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மாநில எடை அளவுத் துறையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். தராசு, படிக்கல், பெட்ரோல் பம்ப், ஆட்டோ மீட்டர் இவைதான் என் உத்தியோகம். 2003-ல் ஒரு வானொலி நிலையத்தின் காலை நிகழ்ச்சிக்கு விருந்தினராக அழைத்திருந்தார்கள். நேயர்கள் கன்னடத்தில் கேட்பார்கள், நான் கன்னடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பேசியவர், "எல்லாக் கடையிலும் ஏமாற்றுகிறார்கள், உங்கள் டிபார்ட்மென்ட் தூங்குகிறதா?" என்றார். கோபம் நியாயமானதுதான். ஆனால் எந்தக் கடை, என்ன சாமான், எவ்வளவு குறைந்தது என்ற விவரம் எதுவும் இல்லை. அதற்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள் என்பதைத் தவிர எந்த அதிகாரியும் வேறு பதில் சொல்ல முடியாது. அடுத்தவரும் ஏறக்குறைய அதையே கேட்டார்.

மூன்றாவதாக ஒரு வயதான அம்மாள் பேசினார். "ஸார், நேற்று எங்கள் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தது. அதில் காலி எடை 15.3 கிலோ என்று எழுதியிருக்கிறது. உள்ளே 14.2 கிலோ காஸ் இருக்க வேண்டும். ஆக மொத்தம் 29.5. கீழே அரிசி மண்டியில் நிறுத்துப் பார்த்தேன், 28.1 தான் இருக்கிறது. சீலை உடைக்கவில்லை, ரசீது கையில் இருக்கிறது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். ஏஜென்சியின் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் நிகழ்ச்சி நடத்தியவர், "அம்மா, பெயர் வேண்டாம், லைனிலேயே இருங்கள், பாட்டு போகும்போது குறித்துக்கொள்கிறோம்" என்று தடுத்துவிட்டார். விசாரிக்காமல் ஒருவர் பெயரை ஒலிபரப்புவது தர்மமும் இல்லை, சட்டத்துக்கும் ஒத்துவராது.

அன்று மாலையே இன்ஸ்பெக்டர் அந்தக் கிடங்குக்குப் போனார். மேலும் சில சிலிண்டர்களில் எடை குறைவாக இருந்தது. வழக்குப் பதிவாயிற்று. அடுத்த வாரம் அதே நிகழ்ச்சியில், பெயர் சொல்லாமல், நடவடிக்கை எடுத்த விவரத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் ஆபீசுக்கு வந்த காஸ் புகார்களில் காலி எடையையும் மொத்த எடையையும் எழுதியே அனுப்பினார்கள். ஒரு அம்மாளின் ஒரு நிமிஷப் பேச்சு, நேயர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இதில் நான் கண்டது இதுதான். காலை வானொலியின் பலம் உரத்த குரலில் இல்லை. இடம், தேதி, அளவு மூன்றும் சேர்ந்த கேள்வியில் இருக்கிறது. அந்த மூன்றையும் சொல்லக்கூடியவர் அந்தத் தெருவில் இருப்பவர்தான்.

இது சிலிண்டருக்கு மட்டும் பொருந்துவது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2022 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். லிஸ் டிரஸ் அப்போதுதான் பிரதமராகியிருந்தார். செப்டம்பர் 23-ல் அவருடைய அரசு பெரிய வரிக் குறைப்புகளை அறிவிக்க, பவுண்டின் மதிப்பு சரிந்தது, வீட்டுக் கடன் வட்டி ஏறும் என்ற பயம் பரவியது. 29-ஆம் தேதி காலை அவர் பி.பி.சி.யின் எட்டு உள்ளூர் நிலையங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டி கொடுத்தார். லீட்ஸில் தொடங்கி ஸ்டோக்கில் முடிந்தது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் போல. உள்ளூர்க்காரர்கள்தானே, சுலபமாக முடிந்துவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் நடந்தது நேர்மாறு. லங்காஷயர் நிலையத்தில், பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்தப் பகுதியில் 2019-ல் அதனால் நில அதிர்வு ஏற்பட்டு, வேலை நிறுத்தப்பட்டிருந்தது. டிரஸ் அரசு, உள்ளூர் மக்கள் சம்மதித்தால் மறுபடி தொடங்கலாம் என்றது. அந்தச் சம்மதத்தை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பதுதான் கேள்வி. தெளிவான பதில் வரவில்லை. கென்ட் நிலையத்தில் நேயர்கள் அனுப்பிய கேள்விகளையே படித்துக் காட்டினார்கள். அக்டோபர் 20-ல் அவர் ராஜினாமா அறிவித்தார். பேட்டிகளால்தான் பதவி போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தலைநகரத்து நிருபர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களையும் ஊர்க் கேள்வி திணற வைக்கும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் மும்பையில் ரெட் எஃப்.எம். மலிஷ்கா, ரோட்டுப் பள்ளங்களை வைத்து மாநகராட்சியைக் கேலி செய்து ஒரு பாட்டு வெளியிட்டார். ஊரே ரசித்தது. சில நாட்களில், அவர் வீட்டில் டெங்கு கொசுப் புழு இருந்ததாகச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. பதில் பாட்டும் வந்தது. பேச்செல்லாம் பாட்டையும் நோட்டீஸையும் பற்றியே ஆகிவிட்டது, பள்ளம் பின்னுக்குப் போய்விட்டது. கேலி தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனால் எந்த ரோடு, எந்தக் கம்பத்துக்கு எதிரே, எத்தனை நாளாகப் பள்ளம் என்று ஒருவர் சொன்னால்தான் அதிகாரியின் டயரியில் ஏறும்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று சிலர் கேட்கலாம். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது உண்மை. ஆனால் 2011-ல் வந்த கொள்கை, போக்குவரத்து, வானிலை, பரீட்சை முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், சுகாதார எச்சரிக்கை அறிவிப்புகள் ஆகியவற்றைச் செய்தி என்று கருதாமல் அனுமதித்திருக்கிறது. நமக்கு வேண்டியவற்றில் முக்கால்வாசி அதில் வந்துவிடுகிறது.

இதைத் தவிர சமுதாய வானொலி இருக்கிறது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். முன்னோடி. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்றானது. ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரை கேட்கும் சிறிய நிலையங்கள் இவை. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்களின் பங்களிப்போடு தயாராக வேண்டும் என்பது விதி. அதாவது நாம் பேசினால்தான் அவர்கள் விதியைக் கடைப்பிடித்ததாகும்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இந்த உள்ளூர்ப் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. சினிமாப் பாட்டும் குறும்புக் கால்களும் அந்த நேரத்தை நிரப்புகின்றன. பிரிட்டனிலேயே 2023-ல் பி.பி.சி., வார நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பல உள்ளூர் நிகழ்ச்சிகளை அக்கம்பக்கத்து நிலையங்களுக்குப் பொதுவாக்கிவிட்டது. அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளை ஊருக்கு ஊர் விட்டுவைத்தார்கள். இங்கே அப்படி யார் காப்பாற்றுவார்கள்? கேள்வி கேட்க யாரும் கூப்பிடாவிட்டால், பாட்டே போதும் என்றுதான் நிலையத்தார் முடிவுக்கு வருவார்கள். ஒரு முறை போன நேரம் திரும்பக் கிடைக்காது.

இதில் நமக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. பெங்களூரில் மல்லேஸ்வரம், மும்பையில் மாட்டுங்கா, டில்லியில் கரோல்பாக் என்று எங்கெங்கோ வேரூன்றிவிட்டோம். நாற்பது வருஷம் இருந்தும், உள்ளூர்ப் பாஷையில் நாலு பேர் கேட்கப் பேசக் கூச்சப்படுகிறோம். தண்ணீர் வராததைச் சங்கக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். குழாயைத் திறக்கும் வால்வ்மேனுக்கு அது கேட்காது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் தம்பதிகள் நம்மில் எத்தனை பேர்? தண்ணீரும் கரண்டும் லிஃப்ட்டும் நடைபாதையும் நமக்குச் சௌகரியப் பிரச்னை இல்லை. விழாமல், உடம்புக்கு வராமல் இருப்பதே அதில் அடங்கியிருக்கிறது. இலக்கணப் பிழையோடு பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் கன்னடத்தை ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

1. முதலில் ஒரு வாரம் நிகழ்ச்சியைக் கேளுங்கள். எந்த நாளில் எந்தத் துறை விருந்தினர் வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு தடவைக்கு ஒரு குறை. இடம், தேதி, அளவு, இதுவரை யாரிடம் புகார் செய்தீர்கள், இப்போது என்ன வேண்டும் என்று ஐந்து வரி எழுதி வைத்துப் படியுங்கள். ஒரு நிமிஷம் போதும்.

3. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டோடு எவர் பெயரையும் சொல்லாதீர்கள்.

4. "ஆவன செய்கிறோம்" என்று அதிகாரி சொன்னால், "எந்தத் தேதிக்குள், ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நானே அதிகாரியாக இருந்தவன், சொல்கிறேன். அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

5. நம் உறுப்பினர்களில் மின்வாரிய இன்ஜினீயர், டாக்டர், பாங்க் மானேஜர், வரி நிபுணர் என்று ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். நிலையத்தார் விருந்தினர் கிடைக்காமல் தவிக்கிறார்கள். ஒவ்வொரு கிளையும் ஐந்து பெயர்களை எழுதி உள்ளூர் ஆகாசவாணிக்கும் சமுதாய வானொலிக்கும் அனுப்பலாம்.

6. குறை தீர்ந்தால் மறுபடி கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். அடுத்தவருக்கும் கேட்கத் தைரியம் வரும், அதிகாரிக்கும் உற்சாகம் வரும்.

என் தொழில் விஷயமாக ஒன்று. காஸ் சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெட்ரோல் பங்க்கில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அந்த அளவை அங்கே இருந்தாக வேண்டும்.

மற்றக் கிளைகளில் யாராவது இப்படிக் காலை நிகழ்ச்சியில் பேசி ஒரு குறையைத் தீர்த்திருந்தால், அந்த விவரத்தை நம் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு ஊரில் கேட்ட நல்ல கேள்வி இன்னொரு ஊரிலும் உதவும்.