விலை கேட்பது வெட்கமன்று

 

நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் நம்மிடம் இரு ரசீதுகளைக் காட்டினார். ஒரே இரத்தப் பரிசோதனை. ஓரிடத்தைவிட மற்றோரிடத்தில் கட்டணம் இருமடங்கு. "இனி இரத்தமே கொடுப்பதில்லை" என்றார். அச்சொல்லே நம்மை இன்று பேச வைத்தது.

கட்டணம் வேறுபட நியாயமான காரணங்கள் உள. ஊசிக்கும் குழாய்க்கும் ஆகும் செலவு சொற்பமே. கருவி, வேதிப்பொருள், தரக்கட்டுப்பாடு, ஊதியம், வாடகை ஆகியவையே பெரும்பகுதி. மாதிரிகள் மிகுதியாக வரும் நிலையத்தில் ஒவ்வொன்றுக்குமான செலவு குறையும். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தால் தனிக்கட்டணம் சேரக்கூடும். 'சர்க்கரை' என்று பொதுவாகச் சொன்னாலும், வெறும் வயிற்றுச் சோதனை வேறு. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வேறு.

நியாயமற்ற காரணமும் உண்டு. நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் தரகு பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. மீறிக் கொடுக்கப்படும் தரகு நோயாளியின் தலையிலேயே விழும்.

ஆகவே கையை நீட்டுமுன் கேளுங்கள்: எந்தெந்தப் பரிசோதனை? மொத்தம் எவ்வளவு? இரத்தம் எங்கே சோதிக்கப்படுகிறது? அங்கே என்ஏபிஎல் தரச்சான்று உண்டா? மருத்துவர் எழுதாதவற்றைச் சலுகைத் தொகுப்பு என்ற பெயரில் ஏற்க வேண்டியதில்லை.

இயலாதோர் அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ நாடுங்கள். அடிப்படைப் பரிசோதனைகள் அங்கே இலவசம். அப்பெரியவரும் அங்கேதான் சென்றார். சர்க்கரை மிகுந்திருந்தது தெரிந்தது, மருந்து மாற்றப்பட்டது. விலை கேட்பது வெட்கமன்று. பரிசோதனையைக் கைவிடுவதே ஆபத்து.