மலைநாட்டில் வெள்ளைப்பூண்டு

நோட்டன் பிரிட்ஜ் என்றதும், 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய லக்சபானா மின்நிலையமும் கெஹெல்கமு ஓயாவை மறித்த அணைக்கட்டுமே பலருக்கு நினைவில் எழும். அவ்வணையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் கோவாவும் பீன்சும் விளைகின்றன. பிள்ளை பெற்ற தாயின் பத்தியச் சோற்றுக்கு இன்றியமையாத வெள்ளைப்பூண்டோ கடையிலிருந்தே வருகிறது. அதிலும் பெரும்பகுதி சீனத்திலிருந்து கப்பலேறி வருவது.

கடைப் பூண்டின் பல்லை ஊன்றிப் பார்த்தவர்கள் நேயர்களுள்ளும் இருக்கக்கூடும். தாள் செழித்து வளரும். பிடுங்கினால் அடியில் பருத்த தண்டோ பல் பிரியாத ஒற்றை உருண்டையோதான் இருக்கும். மண்ணின்மீது பழி சுமத்துவது நியாயமன்று. பூண்டு திரள்வதற்கு முதலிற் குளிர் வேண்டும். பின்னர்ப் பகல் நீள வேண்டும். நோட்டன் பிரிட்ஜில் ஆண்டின் மிக நீண்ட பகலும் ஏறத்தாழ 12½ மணி நேரமே.

இக்குறையை ஓரளவு பொறுக்கும் இனம் கிரியோல் பூண்டு. ஸ்பெயினிலும் மெக்சிக்கோவிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும் பேர்பெற்றது. வெண்ணிற மேற்றோலுக்குள் செந்நீலப் பற்கள் நடுத்தண்டைச் சுற்றி ஒரே வரிசையாக அமைந்திருக்கும், நெடுநாள் கெடாது. ஆயினும் அதனை அயல்நாட்டிலிருந்து பையில் மறைத்துக் கொண்டுவருதல் பெருந்தீங்கு. வெள்ளை அழுகல் நோயின் பூஞ்சணம் மண்ணில் 20 ஆண்டு வரையிலும் உயிர்த்திருக்கும். பூண்டின் சுற்றமாகிய லீக்சையும் அது விடாது. நுவரெலியாவில் எத்தனை குடும்பங்கள் லீக்சை நம்பி வாழ்கின்றன! விதைப்பூண்டு இறக்குமதிக்கு விவசாயத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பது வீண் கெடுபிடியன்று.

தமிழகத்தில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் குறும்பகல் நிலத்துப் பயிரே. ஆனால் கொடைக்கானல் 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். நோட்டன் பிரிட்ஜ் மிகத் தாழ்ந்தது. எவ்வினமாயினும், இங்கே குளிரைக் கையால் ஊட்ட வேண்டும். விதைப்பூண்டைப் பல் பிரிக்காமல் ஆறு முதல் எட்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, நவம்பர் இறுதியில் மழை தணிந்ததும் ஊன்றலாம். பாத்தி முழங்கை உயரம் எழும்பியிருக்கட்டும். நீர் தேங்கினால் பல் அழுகும். மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் பயிர் வெளியேறிவிட வேண்டும்.

அடித்தாள்கள் காய்ந்ததும் பிடுங்கி, அடுப்புப் புகை படும் கூரையடியிற் கட்டித் தொங்கவிடுவர். பருத்த பூண்டுகளைக் கறிக்கு எடுக்காமல் மறுவிதைப்புக்கு ஒதுக்குதல் வேண்டும்; ஈராண்டு, மூவாண்டு அவ்வாறு தெரிந்தெடுத்த பின்னரே அம்மண்ணுக்கு எது பழகிற்று என்பது புலப்படும்.