காற்று நின்றால்தான் பிரேக் நிற்கும்

(ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லீங்க. நம்ம நடமாடும் உணவக பஸ்ஸுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் பிரேக்கைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. சமைக்கிறவளுக்கு பிரேக்கைப் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். அந்த வண்டியில ஏறிப் போறது நாமதானே? கொல்லிமலைக்குப் போற பாதையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. தெரிஞ்சுக்கத்தான் வேணும்.

நம்ம வண்டி முன்னால பள்ளிக்கூட பஸ்ஸாக ஓடினது. சீட்டைக் கழட்டி, அடுப்பு மேடை, தண்ணி டேங்க், அலமாரி எல்லாம் வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாற்றத்தைப் பதிந்து, எஃப்.சி. வாங்கி ஓட்டுகிறோம். மேலே எல்லாம் புதுசு. அடியில் இருக்கிற ஏர் பிரேக் மட்டும் பழசு.

ஏர் பிரேக் வேலை செய்யும் விதம் இதுதான். இன்ஜின் ஓடும்போது கம்ப்ரஸர் காற்றை அமுக்கி, வண்டிக்கு அடியில் உள்ள டேங்குகளில் நிரப்பும். பெடலை மிதித்தால் அந்தக் காற்று பைப் வழியாகச் சக்கரத்துப் பக்கம் இருக்கும் சேம்பருக்குப் போய், உள்ளே இருக்கும் ரப்பரைத் தள்ளும். அந்தத் தள்ளில் பிரேக் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். காலை எடுத்தால் சேம்பரில் இருந்த காற்று 'புஸ்'ஸென்று வெளியே போய்விடும். ஹேண்ட் பிரேக் இதற்குத் தலைகீழ். அங்கே பிடிக்கிறது ஸ்பிரிங், விடுவிக்கிறது காற்று. அதனாலதான் காற்று இறங்கின வண்டி காலையில நகர மாட்டேங்குது.

போன ஆடியில் செம்மேட்டில் நடக்கிற வல்வில் ஓரி விழாவுக்கு ரெண்டு நாள் சாப்பாட்டுக் கடை போட ஏற்பாடு செய்திருந்தோம். காய்கறி, அரிசி எல்லாம் வாங்கியாச்சு. முதல் நாள் சாயங்காலம் சாமான் ஏற்றும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தேன். ரெண்டு முள்ளும் 8-ல் இருந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு முள் 6-க்கு வந்துவிட்டது. இன்னொன்று அசையவில்லை. டிரைவர் தம்பி, "ஓடும்போது ஏறிக்கும்க்கா, பெடலை ரெண்டு தடவை அடிச்சா சரியாயிரும்" என்றார்.

ஓடும்போது மீட்டர் நல்லாத்தான் காட்டும். ஒழுகுறதைக் கம்ப்ரஸர் ஈடு கட்டிக்கொண்டே இருக்கும். அதனால ஒழுகல் இன்ஜினை நிறுத்தினால்தான் தெரியும். பெடலை அடிக்க அடிக்கக் காற்று செலவாகுமே தவிர ஏறாது. மலை இறக்கத்தில் காற்றும் குறைந்து, டிரம்மும் சூடேறிப் போனால் என்ன ஆகும்? நான் வண்டி கிளம்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சில அக்காமாருக்கு என் மேல் கோபம். அவங்க காசும் அதில் இருக்கே, கோபம் நியாயம்தான்.

மறுநாள் காலையில் நாமக்கல்லில் இருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். பக்கத்திலேயே நின்று, அவர் செய்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைச் சொல்றேன்.

முதலில் சமதரையில் நிறுத்தி, நாலு பக்கமும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கட்டை இல்லாமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. காற்று முழுசா ஏறினதும் இன்ஜினை நிறுத்தி, பெடலைத் தொடாமல் முள்ளைப் பார்த்தார். அப்பவே இறங்கினால் டேங்க், பைப், ஜாயிண்ட்டில் ஒழுகல். பெடலை மிதித்துப் பிடித்தால் மட்டும் இறங்கினால், பெடல் வால்வு அல்லது சேம்பர் ரப்பரைப் பார்க்கணும். நம்ம வண்டியில் மிதிக்காமலே இறங்கியது. ஒரு முள் மட்டும் இறங்கியதால் எந்தப் பக்கத்து லைன் என்பதும் தெரிஞ்சு போச்சு.

அப்புறம் சோப்புத் தண்ணியைப் பிரஷ்ஷில் தொட்டுப் பைப் நெடுகத் தடவினார். கேஸ் ட்யூபுக்கு நாம தடவிப் பார்க்கிற மாதிரியேதான். அலமாரிக்கு நேர் கீழே நுரை கிளம்பியது. அலமாரிக்கு போல்ட் போட்ட இடத்தில் பைப்பைப் பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழட்டியவர்கள், திரும்ப மாட்டவில்லை. நைலான் பைப் சேஸிஸில் உரசி உரசித் தேய்ந்து கிடந்தது. பைப்பை மாற்றி, கிளாம்ப் போட்டு, திரும்ப அதே சோதனையைச் செய்தார். முள் நின்றது. கூலியோடு 1,400 ரூபாய். முதல் நாள் வியாபாரம் போச்சு. நறுக்கின காய்க்கு அடிவாரத்திலேயே சாப்பாடு போட்டு விற்றோம். ரெண்டாம் நாள் மலைக்குப் போய் நல்லபடியாத் திரும்பினோம்.

இன்னும் சிலது குறித்து வைத்திருக்கேன். தினமும் டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணியை வடிக்கணும். தண்ணி தங்கினால் டேங்க் துருப்பிடிக்கும், வால்வு கெடும். தண்ணியோடு நிறைய ஆயில் வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். காற்று ஏற ரொம்ப நேரமானால் ஏர் பில்டர் அடைப்பு, கம்ப்ரஸர், ஒழுகல் இந்த மூன்றையும் பார்க்கணும். சேஃப்டி வால்வு அடிக்கடி ஊதினால், காற்று நிறைந்ததும் நிறுத்துகிற வால்வு சரியில்லை. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ரெண்டு பக்கமும் அட்ஜஸ்ட்மெண்ட் சமமா இல்லை, இல்லைன்னா ஒரு பக்கம் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கு. ஓடும்போது பஸ்ஸர் அடித்தால் உடனே ஓரம் கட்டணும். இறக்கத்தில் கீழ் கியரில் மெதுவாகத்தான் வரணும். பின் சக்கரத்து ஸ்பிரிங் சேம்பரை மட்டும் நாமோ டிரைவரோ கழட்டவே கூடாது. அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். அது தெரிந்த மெக்கானிக் வேலை.

இன்றைக்கு பஸ் லாபத்தை முழுசாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு கருத்து வந்திருக்கு. எனக்கும் காசு தேவைதான், ரெண்டு பிள்ளைகள் படிக்குது. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். மாசம் 2,000 ரூபாயை வண்டிப் பராமரிப்புக்குத் தனியாக எடுத்து வைப்போம். ஒவ்வொரு குழுவில் இருந்தும் ரெண்டு பேர் இந்தச் சோதனையைக் கத்துக்கணும். கிளம்பும் முன் பத்து நிமிஷம் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதி, டிரைவரும் பொறுப்பாளரும் கையெழுத்துப் போடணும். கையெழுத்து இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதித் தாங்க.

நோட்டு என்கிட்டதான் இருக்கு. கத்துக்க விரும்புறவங்க ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு வாங்க, நானே காட்டுறேன்.