பைலோஸ் துறைமுகமும் தீயில் வெந்த ஏடுகளும்



கிரேக்க நாடு என்றதும் ஏதென்ஸ் நினைவுக்கு வரும். ஒலிம்பியா நினைவுக்கு வரும். பைலோஸ் என்னும் சிறு துறைமுக ஊரைப் பலர் அறியார். பெலொப்பொனேசு தீபகற்பத்தின் தென்மேற்கு ஓரத்தில், நவரினோ விரிகுடாவின் கரையில் அஃது அமைந்துள்ளது. அவ்வூரார் அதனைப் பீலோஸ் என்றே ஒலிக்கின்றனர். மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் ஒரு கடற்கரை ஊருக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு, ஊரைச் சற்றுச் சுற்றிவிட்டு அதற்கு வருவோம்.

விரிகுடாவின் முகப்பில் ஸ்ஃபாக்டீரியா என்னும் ஒடுங்கிய நீள்தீவு மதில்போல் கிடக்கிறது. அதனால் உட்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அமைதியான நீர் கப்பலை அழைக்கும். கப்பல் போரையும் அழைத்து வந்தது. கி.மு. 425இல் இத்தீவில்தான் ஸ்பார்ட்டா வீரர்கள் ஏதென்ஸ் படையிடம் சரணடைந்தனர். சரணடைவதை அறியாதவர்கள் என்று பெயர் பெற்ற ஸ்பார்ட்டரின் அச்செயல் கிரேக்க உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியதாகத் துசிடிடீஸ் எழுதியுள்ளார். 1827 அக்டோபர் 20ஆம் நாள் இதே நீர்ப்பரப்பில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாட்டுக் கப்பல்கள் உதுமானிய, எகிப்தியக் கடற்படையை அழித்தன. கிரேக்க விடுதலைக்கு அது வழி திறந்தது. முழுவதும் பாய்மரக் கப்பல்களே பொருத கடைசிப் பெருங்கடற்போர் அதுவே. ஊர் நடுவிலுள்ள சதுக்கம் அம்மூன்று கடற்படைத் தலைவர்களின் பெயரையே தாங்குகிறது.

துறைமுகத்திற்கு மேலே, 1573இல் உதுமானியர் எழுப்பிய நியோகாஸ்ட்ரோ கோட்டை நிற்கிறது. வடக்கே சென்றால் பறவைகள் தங்கும் யாலோவாக் காயலும், பிறைபோல் வளைந்த வொய்தோகிலியா மணற்கரையும் உள்ளன. அங்கு நீராட விரும்புவோர் கோடையில் காலையிலேயே செல்வது நன்று.

இனி நம் பொருளுக்கு வருகிறேன். ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், ஒலிவ மரங்கள் சூழ்ந்த ஒரு மேட்டில், 1939 ஏப்ரலில் கார்ல் பிளேகன் என்னும் அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் அகழ்வைத் தொடங்கினார். தோண்டிய முதற்குழியே ஓர் அரண்மனையின் ஆவண அறைமேல் விழுந்தது. ஓமரின் காவியத்தில் வரும் முதிய மன்னன் நெஸ்டரின் பெயரால் அவ்வரண்மனை இன்று வழங்குகிறது. அப்பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 600 களிமண் ஏடுகள் கிடைத்தன.

அவ்வேடுகள் வெயிலில் உலர்ந்த வெறும் களிமண். கணக்கர் அவற்றை நிலைத்திருக்கும் நோக்கில் எழுதவில்லை. கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனை தீக்கிரையானது. ஓவியமும் மரத்தூணும் அழிந்தன. ஏடுகளோ செங்கல்போல் வெந்து உறுதிபெற்றன.

அவற்றின் எழுத்தை ‘நேர்கோட்டு எழுத்து பி’ என்பர். அதனை யாராலும் படிக்க முடியவில்லை. ஆலிஸ் கோபர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை கண்ட வழியை நம் மாணவர்களுக்குத் தமிழாலேயே விளக்கலாம். தமிழ் தெரியாத ஒருவர் ‘பாடு, பாடி, பாட’ என்றும் ‘ஓடு, ஓடி, ஓட’ என்றும் எழுதியிருப்பதைக் காண்கிறார் என்று கொள்வோம். முதலெழுத்து மாறவில்லை, இறுதி மட்டும் மாறுகிறது. அப்படியாயின் டு, டி, ட என்னும் மூன்றும் ஒரே மெய்யைக் கொண்டு உயிரால் வேறுபடுபவை என்று, ஒலி இன்னதென்று அறியாமலே அவர் ஊகிக்கலாம். நம் உயிர்மெய்யில் அவ்வுறவு வடிவத்திலேயே தெரிகிறது. அவ்வெழுத்திலோ ஒவ்வோர் அசைக்கும் தொடர்பில்லாத தனிக்குறி. அந்த இருட்டில்தான் கோபர் உறவுகளை வரிசைப்படுத்தினார். விடை காணுமுன்னரே, 1950இல் அவர் மறைந்தார்.

அப்பணியை முன்னெடுத்த மைக்கேல் வென்ட்ரிஸ் தொழிலால் கட்டடக் கலைஞர். ஏடுகளின் மொழி எத்ருஸ்கத்திற்கு உறவானது என்று அவர் நெடுங்காலம் நம்பினார். ஆனால் குறிகளுக்கு ஒலி பொருத்தப் பொருத்த, வந்தது கிரேக்கம். தம் கொள்கையை விட்டார். 1952இல் வானொலியில் முடிவை அறிவித்தார். அறிஞர் பலர் ஐயுற்றனர். அப்போது பைலோஸில் புதிதாகக் கிடைத்த ஓர் ஏட்டில் பிளேகன் அம்முறையைப் பொருத்திப் பார்த்தார். முக்காலிக் கலத்தின் படத்தருகே ‘தி-ரி-போ-தே’ என்று வந்தது. முக்காலிகள் என்பதே அதன் பொருள். நான்கு கைப்பிடிக் கலத்தருகே நான்கைக் குறிக்கும் சொல், மூன்றுக்கு மூன்று, பிடியற்றதற்கு எதிர்மறைச் சொல். அந்த ஏடு வென்ட்ரிஸ் கண்ணில் படாதது. ஆகவே அதனைப் பார்த்து அவர் ஒலிகளை அமைத்தார் என்று எவரும் கூற இயலவில்லை.

சிந்துவெளி எழுத்தைப் பற்றி இங்கே வினா எழும் என்பதை அறிவேன். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு அத்துறைக்கு அடித்தளம். அது திராவிட மொழி என்ற கருத்து என்னையும் ஈர்க்கிறது. எனினும், சிந்துப் பொறிப்புகள் சராசரியாக ஐந்து குறிகளே கொண்டவை. முக்காலி ஏட்டைப் போன்ற புறச்சான்று ஒன்றும் இதுவரை கிட்டவில்லை. படித்துவிட்டோம் என்று கூறும் நூலை ஒரு மாணவர் உங்களிடம் கொண்டு வந்தால், அதனைப் படைத்தவர் பார்த்திராத பொறிப்பொன்றில் அம்முறை பொருந்துகிறதா என்று அவரையே தேடச் சொல்லுங்கள்.

பைலோஸ் ஏடுகளில் கவிதை ஒன்றும் இல்லை. கரையைக் காத்த காவலர் பட்டியல், துடுப்பு வலித்தோர் எண்ணிக்கை, வெண்கலம் பெற்ற கொல்லர் பெயர்கள். ஆசியக் கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்த உழைப்புப் பெண்களும் அவர்தம் குழந்தைகளும் ஊர்வாரியாக எண்ணப்பட்டுள்ளனர். அவர்களுக்கு அளந்த கோதுமையும் அத்திப்பழமும் கூடக் குறிக்கப்பட்டுள்ளன. அப்பெண்களைப் பற்றி உலகில் எஞ்சிய ஒரே குறிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

செல்லும் வாய்ப்புள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடிபாட்டின்மேல் இப்போது கூரையும் உயர்ந்த நடைபாதையும் உள்ளன. வருவோர் வட்ட அடுப்புள்ள பேரவைக் கூடத்தையும் சுடுமண் குளியல் தொட்டியையும் நோக்கி விரைவர். வாயிலின் இடப்புறமுள்ள இரு சிறிய அறைகளே ஆவண அறைகள். அங்கே காண்பதற்குச் சுவரடிகளைத் தவிர ஒன்றுமில்லை. ஏடுகள் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆயினும் அங்கே சற்று நில்லுங்கள்.