நீர்யானை யானைக்கு என்ன உறவு?



மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எத்துறையையும் முறையாகக் கற்றுத் தேறாமலே எல்லாத் துறைகளைப் பற்றியும் எழுதலாம். இத்தொழிலின் சங்கடமும் அதுவேதான். நாம் கல்லூரியில் படித்தவை இலக்கியமும் சரித்திரமும். சில ஆண்டுகளுக்கு முன், பெரிய விலங்குகளைப் பற்றிச் சிறுவர்களுக்கென எழுதப்பட்ட ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. அதில் வந்த ஒரு வாக்கியத்தை, ஓசை நயத்தில் மயங்கி, "யானை, நீர்யானை முதலிய யானையினத்துப் பிராணிகள்" என்று எழுதிவிட்டோம். மெய்ப்புத் திருத்திய நண்பரும் தமிழர். அவர் கண்ணுக்கும் அதில் பிழை தென்படவில்லை. நூல் அச்சேறி வந்துவிட்டது.

பிழையைக் கண்டவன், புனேயில் நாம் வசிக்கும் குடியிருப்பின் மாடி வீட்டுச் சிறுவன். ஐந்தாம் வகுப்பு மாணவன், பெற்றோர் தமிழர், பிறந்ததும் வளர்வதும் இந்நகரில். தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "மாமா, நீர்யானை யானைக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். நமக்குப் புரியவில்லை. "ஸ்கூல்ல இதைப் பாண்கோடான்னு சொல்றாங்க. கோடான்னா குதிரை. இது யானையா, குதிரையா? எது தப்பு, மராத்தியா தமிழா?" என்றான்.

இது சிரித்துவிட்டுப் போகத்தக்க கேள்வியன்று. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் குழந்தை, அவற்றுள் ஒன்று பிழையானது என்று கருதத் தொடங்கினால் அதைக் கீழே வைத்துவிடும். அவ்வாறு கீழே வைக்கப்படுவது பெரும்பாலும் வீட்டுமொழிதான் என்பதை வெளிமாநிலங்களில் குடும்பம் நடத்தும் நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அன்று விடை கூறாமல் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு வாரத்திலும் அதன் பின்னரும் தேடிப் படித்தறிந்தவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பெயர். பண்டைக் கிரேக்கர் இப்பிராணிக்கு இட்ட பெயருக்கு 'ஆற்றுக் குதிரை' என்பது பொருள். மராத்தியர் 'பாண்கோடா' என்பதும், இந்தியில் 'தரியாயி கோடா' என்பதும், தெலுங்கர் 'நீட்டி குர்ரம்' என்பதும் அந்தக் குதிரையின் வழிவந்தவையே. தமிழில் அது யானையாயிற்று. பருத்த உடலையும், தூண் போன்ற கால்களையும், மயிரற்ற சாம்பல் நிறத் தோலையும் கண்டவர் யானையை நினைத்ததில் வியப்பில்லை. அதைக் குதிரை என்று அழைத்தவர்கள் எதைக் கண்டு அப்படி அழைத்தார்களோ, நமக்கு விளங்கவில்லை!

ஆனால் உறவு என்பது தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதன்று. எலும்பும் இரத்தமும் கூறும் செய்தி அது. அவை கூறுவது யாதெனில், நீர்யானை யானையுமன்று, குதிரையுமன்று. பசு, ஆடு, மான், பன்றி ஆகியவை அடங்கிய இரட்டைக் குளம்பினத்தைச் சேர்ந்தது அது. அவ்வினத்திலும் இன்று உயிரோடிருக்கும் பிராணிகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? திமிங்கிலம்!

நேயர்கள் இதை நம்பத் தயங்கலாம். விஞ்ஞானிகளும் நெடுங்காலம் தயங்கினார்கள். 1990களில் மரபணுச் சோதனைகள் இவ்வுறவைச் சுட்டியபோது, எலும்புகளை ஆராய்பவர்கள் எளிதில் ஒப்பவில்லை. 2001-ஆம் ஆண்டில், பாகிஸ்தானில் கிடைத்த பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் விவரிக்கப்பட்டன. ஆம், அக்காலத்துத் திமிங்கிலங்களுக்குக் கால்கள் இருந்தன! அந்தக் கணுக்கால் எலும்பு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ளதைப் போன்ற இரட்டை உருளை வடிவினதாக இருந்தது.

இதனினும் சுவையான கதை நம் நாட்டிலேயே நடந்தது. ரங்கராவ் என்னும் இந்தியப் புவியியலார் காஷ்மீரப் பகுதியிலுள்ள காலாகோட் என்னுமிடத்தில் எலும்புகள் புதைந்த பாறைத் துண்டுகளைச் சேகரித்து, அவற்றிற் கண்ட சிறு பிராணி ஒன்றுக்கு 1971-இல் 'இந்தோஹயஸ்' என்று பெயரிட்டார். சேகரித்தவற்றுள் பெரும்பகுதியை உடைத்துப் பார்க்கும் முன்பே அவர் காலமானார். பாறைகள் டேராடூனில் அவர் வீட்டிலேயே கிடந்தன. பின்னர் அவருடைய மனைவியார் அவற்றைத் தேவிசென் என்னும் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாறையைச் செதுக்கிக்கொண்டிருந்த உதவியாளரின் கை தவறி ஒரு மண்டையோடு உடைந்தது. உடைந்த இடத்தில் காதெலும்பு வெளிப்பட்டது. அதன் ஒருபுறத் தடிப்பு, திமிங்கிலங்களுக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்டு வந்த அமைப்பு! 2007 டிசம்பரில் இச்செய்தி வெளியாயிற்று. ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பூனையினும் சற்றே பெரிதாய், மானைப் போன்ற கால்களுடன் நீரோடைகளில் நடந்து திரிந்த இப்பிராணி, திமிங்கிலத்தின் முன்னோருக்கு மிக நெருங்கிய உறவு. கணவர் சேர்த்து வைத்த கற்களைக் குப்பையென்று எறியாமல் காத்த அவ்வம்மையாரை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.

நீர்யானையின் வாழ்க்கையிலும் திமிங்கிலத்தின் சாயல் இல்லாமலில்லை. ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ள அவ்வுடல் பகலெல்லாம் நீரில் கிடக்கிறது. குட்டி நீருக்கடியிலேயே பால் குடிக்கிறது. இத்தனைக்கும் அது நன்றாக நீந்துவதில்லை. ஆற்றின் அடித்தரையில் கால் பதித்து நடந்தும் எம்பியுமே செல்கிறது. இரவில் கரையேறிப் புல் மேய்கிறது. அதன் தோலில் கசியும் செந்நிற நீரைக் கண்டவர்கள் அது இரத்தவேர்வை சிந்துவதாக எழுதி வைத்தார்கள். அது இரத்தமுமன்று, வேர்வையுமன்று. வெயிலின் கொடுமையைத் தடுத்து, நோய்க் கிருமிகளையும் அடக்கும் ஒருவகை நிறப்பொருள் என்று 2004-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

நீர்யானை ஆப்பிரிக்காவுக்கே உரியது, நமக்கு அந்நியம் என்று எண்ணுவதும் முழுதும் சரியன்று. சிவாலிக் மலைகளிலும் நருமதைப் பள்ளத்தாக்கிலும் அதன் உறவினமொன்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. கீழ்த்தாடையில் ஆறு முன்பற்கள் கொண்ட இந்திய நீர்யானை அது. ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முன் வரை அது இம்மண்ணில் உயிரோடிருந்ததாகத் தெரிகிறது. மனிதர்கள் அப்போது இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நருமதைக் கரையில் அதைக் கண்டு ஏதோ ஒரு பெயரால் அழைத்திருப்பார்கள். அப்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் குதிரைக்கு உறவான பெரும்பிராணி எது? காண்டாமிருகம். ஒற்றைப்படை விரல்களை உடைய இனம் அது. காண்டாமிருகத்துக்குக் காலுக்கு மூன்று விரல், குதிரைக்கு ஒன்று. அதன் கொம்பில் எலும்பே இல்லை. நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆனது அது. அந்த நகத்துக்காக எத்தனை உயிர்கள் வேட்டையாடப்பட்டன!

இப்பிராணிக்கும் நாம் வாழும் புனேக்கும் பழைய தொடர்பு உண்டு. 1790 நவம்பரில், பேஷ்வாவின் விலங்குச்சாலையிலிருந்த காண்டாமிருகம் ஒன்றைக் கங்காராம் தம்பட் என்னும் மராட்டிய ஓவியர் வரைந்தார். அவ்வோவியம் இன்று கடல் கடந்து அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. புனே டெக்கான் கல்லூரியின் சங்காலியா அவர்கள் 1944 தொடங்கிக் குஜராத்தின் லாங்நாஜ் என்னும் ஊரில் நடத்திய அகழ்வில் காண்டாமிருகத்தின் தோள்பட்டை எலும்பு ஒன்று கிடைத்தது. அதன் மேற்பரப்பில் வரிசையாகக் குழிகள். கற்கால மனிதர் அதைப் பட்டறைக் கல்லாக வைத்துச் சிறு கற்கருவிகளைத் தட்டிச் செய்திருக்கிறார்கள். 1974-இல், இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ள அகமதுநகர் மாவட்டத்தில், பிரவரை ஆற்றங்கரையிலுள்ள தைமாபாத் கிராமத்து விவசாயி ஒருவர் ஒரு செடியின் அடியில் தோண்டியபோது கனத்த வெண்கல உருவங்கள் நான்கு வெளிவந்தன. மாடுகள் பூட்டிய தேர், எருமை, யானை, காண்டாமிருகம். அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; சுமார் 4,000 ஆண்டுகள் பழமையானவை என்பது பலர் கொள்கை. காண்டாமிருகத்தின் தோல் மடிப்புகளைச் செய்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், கேள்விப்பட்டதை மட்டும் வைத்து அக்கைவினைஞன் அதை வடித்திருப்பான் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி யானைக்கு வருவோம். நீர்யானை அதற்கு உறவில்லையென்றால் வேறு யார் உறவு? நம் தமிழகக் கடலிலேயே அது இருக்கிறது. பாக் நீரிணையில் கடற்புல் மேய்ந்து வாழும் கடல்பசுதான் அது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். யானைக்கு இருப்பது போலவே அதற்கும் பால்மடி முன்னங்கால்களின் அருகே மார்பில் அமைந்திருக்கிறது. ஆணுக்குத் தந்தமும் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கெனத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் காப்பகமாக அறிவித்தது. வேடிக்கையைப் பாருங்கள்: யானை என்று பெயர் பெற்றது பசுவுக்கு உறவு, பசு என்று பெயர் பெற்றது யானைக்கு உறவு!

யானையின் பெயரில் மட்டும் நம் முன்னோர் தவறவில்லை. மராத்தியர் அதை 'ஹத்தி' என்பர். கையுடையது என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் அதற்குக் 'கைம்மா' என்றொரு பெயர் உண்டு, பொருள் அதேதான். துதிக்கை என்ற சொல்லிலும் கை இருக்கிறது. அந்தக் கையில் எலும்பே கிடையாது, முழுதும் தசை. 2023-இல் ஆசிய யானைக் கன்று ஒன்றின் துதிக்கையை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 90,000 தசைக் கற்றைகளைக் கணக்கிட்டார்கள். வேரோடு மரத்தைச் சாய்ப்பதும், தரையில் கிடக்கும் கடலையைப் பொறுக்குவதும் அதே கைதான்.

புனேயில் சனிவார் வாடாவைக் கண்ட நேயர்கள், தில்லி வாசலின் கதவுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முட்களைப் பார்த்திருப்பார்கள். போர் யானை மத்தகத்தால் மோதிக் கதவை உடைக்காதிருக்க, அதன் நெற்றி உயரத்தில் பதித்தவை. சிறுவனை அங்கே அழைத்துச் சென்றபோது அவன் அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு உசரமா?" என்றான். கோதாவரிக் கரையில் நாந்தூர் மத்மேசுவரில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்பாகக் கிடைத்த பழைய யானையினம் இதனினும் உயரமானது. அவ்வினத்தின் ஒரு தொடையெலும்புத் துண்டைக் கொண்டு, அது 22 டன் எடை இருந்திருக்கலாம் என்று 2015-இல் ஒருவர் மதிப்பிட்டார். ஒரு துண்டெலும்பைக் கொண்டு இட்ட கணக்கு. நாம் அதைச் சற்று ஒதுக்கியே வைப்போம். இன்றுள்ள ஆசிய ஆண் யானையின் எடை ஏறத்தாழ நான்கு டன், அதுவே போதும்.

மகாராஷ்டிரத்தின் காடுகளில் நெடுங்காலம் யானை இல்லை. 2002-இல் கர்நாடகத்திலிருந்து சில யானைகள் தாமாகவே எல்லை கடந்து சிந்துதுர்க் மாவட்டத்தில் புகுந்தன. வாழையும் தென்னையும் அழிந்த விவசாயிகளுக்கு அது பெருந்துன்பம். அதை நாம் குறைத்துச் சொல்லலாகாது. 2025-இல் வெளிவந்த கணக்கின்படி நாடு முழுவதிலும் காட்டு யானைகள் 22,446. அவற்றுள் 3,136 தமிழ்நாட்டில்.

இவற்றையெல்லாம் சிறுவனிடம் சொன்னோம். "அப்ப ரெண்டு பெயருமே தப்பா?" என்றான். பெயர்கள் இரண்டும் இருக்கட்டும், தவறு மாமாவின் வாக்கியத்தில்தான் என்று ஒப்புக்கொண்டோம். வீட்டிலிருந்த பிரதியில் 'யானையினத்து' என்ற சொல்லை அவனே பேனாவால் அடித்துவிட்டு, நாம் சொல்லச் சொல்ல 'பேருருவம் கொண்ட' என்று தமிழில் எழுதினான். 'ரு' மட்டும் இருமுறை பிழையாக வந்தது. மறுபதிப்பு வருமானால் அவ்வாறே திருத்தும்படி பதிப்பித்தவர்களுக்கும் கடிதம் எழுதினோம்.

புறப்படும்போது இன்னொன்று கேட்டான்: "யானைங்க ஒண்ணையொண்ணு எப்படிக் கூப்பிடும்?" இதற்கு நல்லவேளையாக விடை தெரிந்திருந்தது. 1984-இல் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார், அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, ஓசை ஏதும் கேளாமலே காற்று அதிர்வதை உணர்ந்தார். மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொள்வது அதன்பின் நிரூபணமாயிற்று. 2024-இல் கென்யாவில் காட்டு யானைகளின் குரல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள், அவை ஒன்றையொன்று பெயர் போன்ற தனித்தனி ஒலியால் விளிக்கின்றன என்று அறிவித்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக அப்பதிவுகளை 17 யானைகளுக்கு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். வேறொன்றுக்கான அழைப்பைக் கேட்டபோது அவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தமக்கான அழைப்பைக் கேட்டபோது விரைவில் பதில் குரல் கொடுத்து, ஒலி வந்த திசையை நோக்கி நடந்தன.