கடைப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்னால்...

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு தம்பி என்னைச் சந்தித்தார். அவருடைய அத்தா இருபத்தைந்து ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறார். தம்பியும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, செல்போன் மூலம் ஆர்டர் வாங்கி, இறைச்சியும் காய்கறியும் வீடு தேடிக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. "பாய், இப்போது ஒரு ஊரில்தான் இருக்கிறோம். ஆறே மாதத்தில் பத்து ஊருக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் பெரிய கம்பெனிக்காரன் வந்துவிடுவான்" என்றார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். அத்தாவின் கடைப் பத்திரத்தை அடமானம் வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அத்தா பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இருவரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தத் தம்பியின் கேள்விக்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

சகோதரர்களே! தம்பி சொல்வது அசட்டுத்தனம் அல்ல. அமெரிக்காவில் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: பிளிட்ஸ்ஸ்கேலிங். லிங்க்ட்இன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன், கிறிஸ் யே என்பவரோடு சேர்ந்து 2018-ல் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை நடத்திய மின்னல் தாக்குதலின் பெயரிலிருந்து எடுத்த சொல் இது. வியாபாரத்துக்குப் போய் போரின் பெயரை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொருள் தெளிவாக இருக்கிறது. செலவு வீணானாலும் பரவாயில்லை, போட்டியாளன் வருவதற்குள் இடத்தைப் பிடித்துவிடு என்பதுதான் அது.

இது வென்ற இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஹாஃப்மனே வேலை பார்த்த நிறுவனம், பேபால். மேக்ஸ் லெவ்சின், பீட்டர் தீல் முதலானோர் 1998-ல் தொடங்கியது. ஈமெயில் முகவரி இருந்தால் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பலாம். சேருகிறவருக்கு 10 டாலர், சேர்த்துவிடுகிறவருக்கு 10 டாலர் என்று சும்மா கொடுத்தார்கள்! இதே தொழிலில் இருந்த ஈலான் மஸ்கின் எக்ஸ்.காம் 20 டாலர் கொடுத்தது. கடைசியில் 2000 மார்ச்சில் இரண்டும் ஒன்றாக இணைந்தன. அந்த நாட்களில் மாதத்துக்குச் சுமார் ஒரு கோடி டாலர் கரைந்துகொண்டிருந்தது. போதாததற்குத் திருட்டுக் கிரெடிட் கார்டு கும்பல்கள் வேறு புகுந்துவிட்டன.

பார்க்கப்போனால் பைத்தியக்காரத்தனம். பிறகு எப்படிப் பிழைத்தார்கள்? ஊரில் ஒரே ஒருவர் வீட்டில் மட்டும் டெலிபோன் இருந்தால் அவர் யாரோடு பேசுவார்? இரண்டாமவர் வாங்கும்போதுதான் முதலாமவரின் போனுக்கே மதிப்பு வருகிறது. பேபாலும் அப்படித்தான். உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது என்று ஈமெயில் போகும். அதை எடுக்க வேண்டுமானால் நீங்களும் கணக்குத் தொடங்கியாக வேண்டும். ஈபே என்ற ஏலச் சந்தையில் பொருள் விற்கிறவர், வாங்குகிறவரையும் அதற்குள் இழுத்துக்கொண்டார். கூட்டம் சேரச் சேர, சேர்ந்தவர் வெளியேற முடியாது. இப்படிப்பட்ட தொழிலில் முந்துகிறவனுக்கே சந்தை. கூட்டம் நிலைத்த பிறகு இனாமைக் குறைத்தார்கள். வியாபாரிகளிடம் கட்டணம் வாங்கினார்கள். மோசடியைப் பிடிக்கும் மென்பொருளை எழுதினார்கள். 2002-ல் ஈபே நிறுவனமே 150 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. நம் நாட்டில் 2017-ல் கூகுள் "தேஸ்" என்ற பெயரில் வந்து, ஆள் சேர்த்தால் 51 ரூபாய் கொடுத்தது நினைவிருக்கிறதா? அதுதான் இன்றைய கூகுள் பே. பழைய பாடத்தைத்தான் இங்கேயும் நடத்தினார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பேபால் 10 கோடி டாலர் முதலீட்டைத் திரட்டி முடித்தது 2000 மார்ச்சில். அதே மாதம் 10-ஆம் தேதி உச்சத்துக்குப் போன நாஸ்டாக் பங்குச் சந்தை, பிறகு சரியத் தொடங்கியது. சில வாரங்கள் பிந்தியிருந்தால் இந்தக் கதையை நான் இங்கே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

இனி மளிகைக்கு வருவோம். தம்பி, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

வெப்வேன் என்று ஒரு கம்பெனி. பார்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடையைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான லூயிஸ் பார்டர்ஸ் 1996-ல் நிறுவினார். இணையத்தில் ஆர்டர் போட்டால் அரை மணி நேரக் கெடு குறித்து, அதற்குள் மளிகைச் சாமான் வீட்டுக்கு வரும். 1999 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் டெலிவரியை ஆரம்பித்தார்கள். ஓக்லாந்தில் அவர்கள் கட்டிய குடோனின் பரப்பு 3 லட்சத்து 30 ஆயிரம் சதுர அடி! உள்ளே மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டுகள். ஒரு நாளைக்கு 8,000 ஆர்டர் அனுப்பும் வசதி.

ஆர்டர் வந்ததா? ஆரம்பத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் அதைப் பார்க்கக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. கடை திறந்த மறு மாதமே, 1999 ஜூலையில், இதே போல 26 குடோன்கள் கட்ட பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்தோடு 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நவம்பரில் பங்குச் சந்தையில் 37 கோடியே 50 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2000-ல் ஹோம்குரோசர் என்ற போட்டிக் கம்பெனியையும் வாங்கினார்கள். 2001 ஜூலையில் ஷட்டரை இழுத்து மூடினார்கள். 80 கோடி டாலருக்கு மேல் போயிற்று. சுமார் 2,000 பேர் வேலையிழந்தார்கள்.

பேபால் ஓடியது போலத்தானே வெப்வேனும் ஓடியது? ஒன்று ஏன் வாழ்ந்தது, ஒன்று ஏன் மாண்டது? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வெப்வேனில் தக்காளி வாங்கினால் என் வீட்டுத் தக்காளிக்கு ஒரு சிறப்பும் கூடிவிடாது. ஒரே தெருவில் பத்து ஆர்டர் வந்தால் வண்டிச் செலவு குறையும், உண்மைதான். ஆனால் அடுத்த நகரத்தில் கடை போட்டால் இந்தத் தெருவின் செலவு குறையுமா? மளிகையில் இலாபம் எவ்வளவு மெலிதானது என்பது இங்கே அமர்ந்திருக்கும் கடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கணக்கு போடுவோம். ஆர்டர் 400 ரூபாய். கொள்முதல் போக 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் 10, டெலிவரிப் பையனுக்கு 45, ஆள் பிடிக்கக் கொடுத்த தள்ளுபடி 50. மொத்தம் 105. ஒரு ஆர்டருக்கு 45 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பத்து ஆர்டரில் 450 போகும். பத்து ஊரில் சேர்ந்து ஆயிரம் ஆர்டர் வந்தால் அன்றன்று 45,000 ரூபாய் போகும். அதைத்தான் "வளர்ச்சி" என்று படம் வரைந்து காட்டுகிறார்கள்!

வேகமே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய சிக் ஷாம்பூ எப்படிப் பரவியது? எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். மக்கள் பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். விற்பனை பல மடங்கு ஏறியது. அந்தக் காலிப் பாக்கெட்டுகளை எண்ணி வாங்கிய கடைக்காரர்கள் இங்கேயே இருக்கலாம். அதுவும் இனாம் கொடுத்து ஆள் பிடித்ததுதான். ஆனால் ஐந்துக்கு ஒன்று என்றால் அடக்கம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிவிடலாம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

எனக்கே அது தெரியாமல் போனது. இரண்டு கடை நன்றாக ஓடுகிறதே என்று மூன்றாவதைத் திறந்தேன். அட்வான்ஸ் கொடுத்தது கடன், சரக்கு எடுத்தது கடன். மூன்றாவது கடையின் நஷ்டத்தை முதல் கடையின் கல்லாவிலிருந்து பதினான்கு மாதம் கட்டினேன். கடைசியில் முதல் கடையிலேயே சரக்கு இல்லாமல், இருபது வருட வாடிக்கையாளர் திரும்பிப் போனார். அவரை அதற்குப் பிறகு நான் கடையில் பார்க்கவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இப்படி ஓடுகிறவர்களின் பெரும்பணம் வென்ச்சர் கேப்பிடல், அதாவது பங்கு முதலீடு. கம்பெனி மூழ்கினால் போட்டவர் பணமும் மூழ்கும். வட்டி கிடையாது, அசலைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. நம் வணிகர்கள் அறிந்த முளாரபாவுக்கு இது ஓரளவு பக்கத்தில் வருகிறது. ஆனால் அந்த முதலீட்டாளர் பல கம்பெனிகளில் பணம் போட்டிருக்கிறார். பெரும்பாலானவை மூழ்கினாலும் ஒன்றிரண்டு தூக்கிவிடும் என்ற கணக்கில்தான் "ஓடு, ஓடு" என்று விரட்டுகிறார். தம்பி, உங்கள் அத்தாவிடம் எத்தனை கடை இருக்கிறது? ஒன்றுதானே!

இதே வேகத்தைக் கடனில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு பைஜூஸ் இருக்கிறது. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். கம்பெனி மேல் கம்பெனியாக வாங்கினார்கள். 2021 நவம்பரில் 120 கோடி டாலர் கடன் எடுத்தார்கள். வளர்ச்சி நின்றது, கடன்காரர் நிற்கவில்லை. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கையே தொடங்கிவிட்டது.

பெரிய கம்பெனிக்காரன் வந்துவிடுவான் என்ற பயம் நியாயமானது. வருவான், வந்துகொண்டுதான் இருக்கிறான். அவனோடு தள்ளுபடியில் மோத முடியாது. ஏர்பிஎன்பி நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் 2009-ல் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய், வாடகைக்கு விடும் அறைகளைத் தாங்களே போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். படம் மோசமாக இருந்ததால்தான் ஆள் வரவில்லை என்று நேரில் போனபோதுதான் அவர்களுக்குப் புரிந்தது. அந்த வேலையை முடித்த பிறகே ஓடினார்கள்.

ஆகவே தம்பி, எனக்கு மூன்று கணக்கு வேண்டும். எட்டு மாதத்தில் தள்ளுபடி இல்லாமலும் திரும்ப வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஒரு ஆர்டருக்குக் கையில் என்ன நிற்கிறது? இரண்டாவது ஊர் ஆறு மாதம் நஷ்டத்தில் ஓடினால் முதல் ஊர் அதைத் தாங்குமா? இஷாவுக்குப் பிறகு நான் இங்கேதான் இருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். அத்தாவையும் கூட்டி வாருங்கள், கணக்குப் பார்ப்பதில் உங்கள் நண்பர்கள் இருவரையும்விட அவர் கெட்டிக்காரராக இருப்பார். பத்திரம் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும்.