யார் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது?

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – வானொலி மறையுரை
சாலமோனின் ஞானம் 9:13-18; பிலமோன் 9-10, 12-17; லூக்கா 14:25-33



வீடு கட்டிப் பார்த்த யாருக்கும் இன்றைய நற்செய்தி எளிதில் புரியும். அஸ்திவாரம் போட்டு, தூணும் எழுப்பி, கம்பி விலையும் சிமெண்ட் விலையும் ஏறிப்போனதால் மேல்தளம் வார்க்க முடியாமல் நிற்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! அந்த வழியாகப் போகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கோபுரம் கட்ட ஆசைப்படுகிறவன், கையில் இருக்கும் பணம் கடைசிவரை போதுமா என்று முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்கிறார்.

அவர் நமக்குக் கட்டட வேலை கற்றுத்தர வரவில்லை. எருசலேமை நோக்கி நடக்கிறார். பெருங்கூட்டம் பின்னால் வருகிறது. என் பின்னால் வருவதற்கு என்ன விலை என்று தெரிந்துதான் வருகிறீர்களா என்பதே அவருடைய கேள்வி. ஆனால் சீடராக வாழ்வது ஞாயிறு காலை ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. நம் ஊர், நம் சந்தை, நம் கடல், நம் மலை எல்லாம் அதற்குள் வருகின்றன. அதனால் இந்த உவமையை நம் ஊருக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

உவமையில் ஒன்றைக் கவனியுங்கள். கோபுரம் கட்டுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், பணம் கொடுக்கிறவர், பாதியில் நின்றால் கேலிக்கு ஆளாகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். ஆனால் ஓர் ஊரில் பெரிய வணிக வளாகமோ, தொழிற்சாலையோ, துறைமுகமோ வரும்போது அப்படி இருப்பதில்லை. கணக்குப் பார்க்கிறவர் ஒருவர். அதன் செலவைச் சுமக்கிறவர் இன்னொருவர். நம் சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

களியக்காவிளையைத் தாண்டி, நமக்கு மிக அருகில் இருக்கும் விழிஞ்ஞத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கியது. முதல் பெரிய சரக்குக் கப்பல் 2024 ஜூலையில் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் நன்மைகளை நேர்மையோடு ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே கடல் இயற்கையாகவே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம். உலகக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தூரத்தில்தான் இருக்கிறது. பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்கு மாற்ற வேண்டிய நம் நாட்டுச் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பகுதி இதுவரை கொழும்பு, சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களுக்குப் போய்வந்தது. அந்தச் செலவு குறைந்தால் நாட்டுக்கு நல்லது. படித்துவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறக் காத்திருக்கும் இளைஞனுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் அவன் தாய்க்கு நல்லது. இதைக் குறைத்துப் பேசுவது பாவம்.

இனி செலவு. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டப்பட்டது. சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும் என்று கடற்கரை மக்கள் அஞ்சினார்கள். திருவனந்தபுரம் கடற்கரையில் கடல் அரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூட அறைகளிலும், வலியதுறையில் ஒரு சிமெண்ட் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். துறைமுகப் பணிதான் அரிப்பைக் கூட்டியது என்றார்கள் மீனவர்கள். புயல்களே காரணம் என்றது மறுதரப்பு. 2022இல் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் 100 நாள்களுக்கும் மேலாகப் போராட்டம் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் அது மோதலாக வெடித்தது. துறைமுகம் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள். டிசம்பரில் போராட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் அண்டை வீட்டாருக்கு நடுவில் விழுந்த விரிசலை எந்தத் திட்ட அறிக்கையில் எந்த வரியில் எழுதுவது?

அன்பர்களே, பக்கத்து ஊர்க் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்த அலைத்தடுப்புச் சுவருக்குத் தேவையான பாறை கிடைக்காமல் பணியே தாமதப்பட்டது. அப்போது நம் பக்கத்துக் குவாரிகளிலிருந்தும் கல் போனது. நம் சாலைகளில் கனிமவள லாரிகளுக்கு ஒதுங்கி நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டு. நீரைப் பிடித்து வைத்துக் குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் அனுப்பும் மலையை உடைத்தால், அது மறுபடி வளராது. அதே வேளையில், அந்த லாரியை ஓட்டுகிற தம்பியும், குவாரியில் கூலி வாங்குகிற அண்ணனும் நம் பங்கிலும் இருக்கலாம். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கூலியில்தான்.

2016இல் இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தபோது நாம் என்ன செய்தோம்? கோவில் முற்றங்களில் கூடினோம். எத்தனை வீடு போகும், எத்தனை வள்ளம் கரையேறும் இடம் இழக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணினோம். நம் வாசலுக்கு வந்தபோது எண்ணத் தெரிந்த நமக்கு, பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்தபோதும் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு இலாபம் வரும்போதும் அதே கவனத்தோடு எண்ண வேண்டும். இது என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்படியானால் எப்படி எண்ணுவது? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ திருமடல் நமக்கு வழி காட்டுகிறது. எந்தத் திட்டமானாலும் அது எதற்கு, யாருக்கு, ஆபத்து என்ன, செலவு என்ன, அந்தச் செலவை யார் கொடுப்பார்கள் என்று கேட்கச் சொல்கிறார் திருத்தந்தை. வியாபாரத் திட்டத்தை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் ஒப்புக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்வது சரியல்ல என்கிறார். பேச்சு நடக்கும் மேசையில் அந்த ஊர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றும் சொல்கிறார்.

அந்தக் கேள்விகளோடு நான் இரண்டு கேள்விகளைச் சேர்க்கிறேன். முதலாவது, எது முதலில் வரும்? பெரும்பாலும் இழப்பு முதலில் வந்துவிடும். நன்மை பல ஆண்டு கழித்து வரும். அந்த இடைவெளியில் வாழ வேண்டியவர்கள் யார்? இழப்பீடு வீட்டை இடிப்பதற்கு முன்பா, பின்பா? இரண்டாவது, திரும்பக் கிடைக்கக்கூடியது எது, கிடைக்காதது எது? இழந்த கூலியைப் பணத்தால் ஈடு செய்யலாம். மலையை, கரையை, கடலில் இறங்கும் பாட்டை அப்படி ஈடு செய்ய முடியாது. ஒரு வள்ளம் நின்றுபோனால் அதில் போகிறவருக்கு மட்டுமா இழப்பு? வலை பின்னுகிறவர், ஐஸ் விற்கிறவர், தலையில் மீன் சுமந்து விற்கிற அம்மா ஆகிய எல்லாருக்கும்தான். அந்த அம்மாவின் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா?

அரசர்கள் முதல் நூலில் நாபோத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகாபு அரசன் தொடக்கத்தில் அநியாய விலை பேசவில்லை. இதைவிட நல்ல திராட்சைத் தோட்டம் தருகிறேன், அல்லது பணமாக வாங்கிக்கொள் என்றான். அவனுக்கு வேண்டியது அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டம். நாபோத்துக்கோ அது மூதாதையர் விட்டுச்சென்ற சொத்து. எல்லாப் பொருளுக்கும் விலை உண்டு என்று அரண்மனை நினைத்தது. நாபோத்து வேண்டாம் என்று சொன்னதும், பொய்ச்சாட்சியும் கல்லெறியும் வந்தன. விலை பேசுகிறவர், ‘வேண்டாம்’ என்ற பதிலையும் கேட்கத் தயாராக இருந்தால்தான் அது நேர்மையான பேச்சு.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, பல பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் நம் மொழியில் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்க்கக் கிடைக்க வேண்டும். நேரில் பேச முடியாதவர் எழுதியும் கொடுக்கலாம். அறிவிப்பு வந்ததும் அன்பியக் கூட்டத்தில் அந்தச் சுருக்கத்தை உரக்க வாசியுங்கள். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் உட்காருங்கள் என்பதுதானே நற்செய்தி! கோபத்தில் எழுந்து நிற்பதற்கும், ஆசையில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால் உட்கார்ந்து எண்ண வேண்டும். மனிதரின் எண்ணம் தடுமாறக்கூடியது, ஆண்டவரின் ஞானமே வழியைச் சீராக்கும் என்று முதல் வாசகம் நினைவூட்டுகிறது. அதனால் செபித்துவிட்டு எண்ணுங்கள்.

இறுதியாக இரண்டாம் வாசகம். பவுல் சிறையிலிருந்து பிலமோனுக்கு எழுதுகிறார். ஒனேசிமுவை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். இன்றைய வாசகம் முடியும் இடத்துக்கு அடுத்த வரியை வீட்டில் திறந்து வாசித்துப் பாருங்கள். அவனால் உமக்கு நட்டம் ஏதும் இருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்கிறார் பவுல். பிறருடைய செலவைத் தன் பெயரில் எழுதச் சொல்கிறார். கல்வாரியில் ஆண்டவர் செய்ததும் அதுதானே!

உங்கள் ஊருக்கு நாளை ஒரு புதிய கட்டடம் வரலாம். உங்களுக்கு நல்லதும் கொண்டுவரலாம். நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக இடம் விட்டுப் போனவர், கடை இழந்தவர், கரை இழந்தவர் யார் என்று தேடுங்கள். அவர்கள் கணக்கில் ஒரு பங்கையாவது உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்காகப் பேசுவதும், அவர்கள் பிள்ளைக்கு அங்கே வேலை கேட்பதும், அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்பதும் அந்தப் பங்கில் சேரும்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் ஊரின் வரவையும் செலவையும் உம் முன்னிலையில் எண்ணிப் பார்க்கும் நேர்மையை எங்களுக்குத் தாரும். பிறர் சுமையின் மேல் எங்கள் கோபுரத்தைக் கட்டாமல் எங்களைக் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.